படிப்பதும் படிக்க வைப்பதும்

வணக்கம் ஐயா,

தார் எஸ் சலாமில் ஒரு கிடங்கில் கணக்கு பார்க்கிறேன். வந்து எட்டு மாதமாகிறது. சுவாஹிலி கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் ஒட்டுகிறது. எங்கள் லாரி ஓட்டுநர் ஒருநாள் 'நினசொமேஷா வத்தோத்தோ வத்தாத்து' என்றார். அகராதியில் சொமேஷாவுக்குக் 'கற்பி' என்று போட்டிருந்தது. மனிதர் சாயங்காலம் மூன்று பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார் போல என்று நினைத்து, 'என்ன பாடம்?' என்று கேட்டுவிட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தன் பிள்ளைகள் மூவருக்கும் ஃபீஸ் கட்டுகிறாராம்! செய்வது, செய்ய வைப்பது என்ற வித்தியாசம் ஆப்பிரிக்க மொழிகளில் இப்படித்தான் வருமா?

உங்கள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

அகராதியை மூடிவிட்டுத் தமிழிலேயே யோசித்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். 'எங்கப்பா வயலை விற்று என்னைப் படிக்க வைத்தார்' என்று ஒருவர் சொன்னால், அப்பா கரும்பலகை முன்னால் நின்றதாக நாம் நினைப்பதில்லை. சொமா என்றால் படி, சொமேஷா என்றால் படிக்க வை. வாத்தியாருக்கும் அந்தச் சொல் பொருந்தும்தான். ஆனால் பணம் கட்டுகிறவரும் சொமேஷா செய்கிறவரே. சொல்லிக்கொடுப்பதற்கென்று ஃபுண்டிஷா தனியாக இருக்கிறது.

சுவாஹிலியில் இதற்கு வழி சுலபம். வினையின் கடைசியில் இஷா அல்லது ஏஷா சேர்க்க வேண்டும். வேரில் எ, ஒ இருந்தால் ஏஷா, மற்ற உயிர்களுக்கு இஷா. எண்டா, போ. எண்டேஷா, ஓட்டு. உங்கள் லாரிக்காரர் பகலெல்லாம் செய்வது அதுதான். எனக்கு ரொம்பப் பிடித்தது கோப்பா: கடன் வாங்கு. கோப்பேஷா என்றால் கடன் கொடு, அதாவது இன்னொருவனைக் கடன் வாங்க வை. பாங்குக்காரர்கள் இதை யோசிக்கலாம். 'கடன் வாங்குவது கல்யாணம், திருப்பிக் கட்டுவது துக்க வீடு' என்று அங்கே ஒரு பழமொழியும் உண்டு.

இதைவிடப் பழைய வழி ஒன்றும் இருக்கிறது. நம் அடங்கு-அடக்கு, திருந்து-திருத்து போல, சொல்லின் உடம்பிலேயே லேசான மாற்றம். போனா என்றால் குணமாகு, போன்யா என்றால் குணப்படுத்து. லேவா, போதையேறு. லேவ்யா, போதையேற்று. போதைப்பொருளுக்குத் 'தாவா ஸா குலேவ்யா', போதையேற்றும் மருந்து, என்றுதான் பெயர். ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் 'அமெலாஸ்வா' என்பார்கள். லாலா என்பது படு, லாஸா படுக்க வை. அதன் செயப்பாட்டு வடிவம் இது: படுக்க வைக்கப்பட்டிருக்கிறார். அவர் படுத்திருப்பது இன்னொருவர் சொல்லி என்பது வினைக்குள்ளேயே தெரிகிறது.

சரி, ஆப்பிரிக்க மொழிகள் எல்லாம் இப்படியா? இல்லை. அங்கே ஏறக்குறைய 2000 மொழிகள். சுவாஹிலி சேர்ந்த பாண்டு குடும்பத்தில் மட்டும் சுமார் 500. அந்தக் குடும்பத்தில் வினைக்குப் பின்னால் ஒட்டுவதே வழக்கம். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கில் முன்னால் ஒட்டுகிறார்கள், அதுவும் இரண்டு விதமாக. மெத்தா, வந்தான். அமெத்தா, கொண்டுவந்தான். அஸ்மெத்தா, வரவழைத்தான். முதல் ஒட்டில் அவனே கையில் தூக்கி வருகிறான், இரண்டாவதில் ஆளை விட்டு வரவழைக்கிறான். இறக்குமதி வியாபாரிக்கு அங்கே 'அஸ்மெச்சி' என்று பெயர். வரவழைக்கிறவர். அந்த ஒரு 'ஸ்' எழுத்தில்தான் கப்பலும் சுங்கமும் இருக்கின்றன.

நைஜீரியா, நைஜர் பக்கம் ஹவுசா மொழியில் சயா என்றால் வாங்கு. கடைசியில் ஒரு ர் சேர்த்தால் சயர், விற்பனை செய். விற்பது என்றால் அடுத்தவனை வாங்க வைப்பது. விளம்பரக் கம்பெனிக்காரர்கள் இன்று கண்டுபிடித்தது போலப் பேசும் விஷயம் ஹவுசாக்காரர்களுக்கு இலக்கணம்.

கானாவின் அகான் மொழி ஒட்டுவதேயில்லை, 'கொடு' என்ற சொல்லை வைத்தே சமாளிக்கிறது. 'மா மே ன்சு' என்றால் எனக்குத் தண்ணீர் கொடு. 'மா மென்கோ' என்றால் என்னைப் போக விடு. அனுமதிப்பது, செய்ய வைப்பது இரண்டுக்கும் இந்த 'மா'வே போதும். நாம் ஒன்றுக்கு விடுவையும் இன்னொன்றுக்கு வையையும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கொடுவைப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், அந்த லாரிக்காரரை மறுபடி பார்த்தால் 'வனசொமா தராசா லா ங்காப்பி?' என்று கேளுங்கள். பிள்ளைகள் எத்தனையாவது படிக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தத் தடவை பழக்கத்தில் ஏஷா போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் யாருக்கோ ஃபீஸ் கட்டுவதாக ஆகிவிடும், கிடங்கு மறுபடி சிரிக்கும்.