“சரி சார்” என்றால் புரிந்தது என்று பொருளா?

நிறுவனங்களுக்குள் தகவல் சரியாகப் போய்ச் சேராமல் தடைபடுவது குறித்து வந்த கேள்விகளுக்கு, திருப்பூர் ஏற்றுமதித் தொழிலில் இருபது ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக (வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டர்களைக் கவனிப்பவராக) இருந்த அனுபவத்தைக் கொண்டு பதிலளிக்கிறேன்.

கேள்வி (உற்பத்தி மேலாளர், திருப்பூர்): எங்கள் தையல் பிரிவில் பாதிப் பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள்; வேலை வேறு மாதிரி வருகிறது. மொழிதானே தடை?

பதில்: மொழியும் ஒரு தடைதான், ஆனால் பழி முழுவதையும் அதன்மேல் போட்டுவிட முடியாது. நான் முன்பு பணியாற்றிய நிறுவனத்தில், கழுத்துப் பட்டியின் அகலத்தை 2.5 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ. ஆகக் குறைக்கும்படி பையர் (ஆடையை வாங்கும் நிறுவனம்) கேட்டிருந்ததைத் தொலைபேசியில் சொன்னேன். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே மேற்பார்வையாளர் “சரி சார்” என்றார். மறுநாள் மாலைக்குள் பழைய அளவிலேயே 1,200 உருப்படிகள் தைத்து முடிந்திருந்தன. இத்தனைக்கும் எங்கள் இருவருக்கும் தாய்மொழி தமிழ். அவருக்கு அளவு காதில் விழவில்லை; முந்தைய வாரம் இரண்டாம் முறை சந்தேகம் கேட்டபோது நான் எரிந்து விழுந்திருந்ததால், மறுபடி கேட்கவும் அவர் துணியவில்லை. “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், அதற்கு எந்த மொழியிலும் ஒரே பதில்தான் வரும். ஓர் உருப்படியைத் தைத்துக் காட்டச் சொல்லி, அளந்து பார்த்துக் கையெழுத்திட்டு, அதை அந்தத் தையல் வரிசையிலேயே தொங்கவிடுங்கள்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், சென்னை): எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. 1998 டிசம்பரில் நாசா ஏவிய செவ்வாய் காலநிலைச் சுற்றுக்கலன் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுக்க, வழிநடத்தும் குழு அதை நியூட்டன் அளவென்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் ஏறத்தாழ 4.45 மடங்கு. மெட்ரிக் அளவுதான் வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியே இருந்தது. கணக்கு இடிக்கிறது என்பதும் முன்பே சிலர் கண்ணில் பட்டிருந்தது. ஆனால் அது முறையான பிழைப் பதிவாக ஏறாமல் மின்னஞ்சல்களிலேயே நின்றுவிட்டது. எழுதியதை யார் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்று பெயர் குறிக்காத ஆவணம் அலமாரிக்குத்தான் அழகு.

கேள்வி (கடை உரிமையாளர், மதுரை): வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு போடலாமா?

பதில்: விடுமுறை அறிவிப்புக்குச் சரி. விலை, அளவு, தேதி என்றால் உரியவரிடம் தனியாகச் சொல்லுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அவை புதைந்துவிடும்.

கேள்வி (இளநிலைப் பொறியாளர், கோவை): தவறைச் சுட்டிக்காட்டினால் மேலதிகாரி முகம் மாறுகிறது. என்ன செய்வது?

பதில்: 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் ராக்கெட் மூட்டுகளின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே நாசாவின் சேலஞ்சர் விண்கலத்தை ஏவ வேண்டாம் என்று, அந்த ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதிட்டனர். நாசா அதிகாரிகள் முகம் சுளித்ததும் அந்நிறுவன மேலாளர்கள் தனியே கூடிப் பேசி முடிவை மாற்றினர். மறுநாள் ஏவிய 73 விநாடிகளில் விண்கலம் சிதறி 7 பேர் இறந்தனர். ஏவுவதற்கு இறுதி ஒப்புதல் தந்த மேல்மட்டத்தினருக்கு இந்த எதிர்ப்பே தெரியாது என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது. ஆகவே இதில் முதல் பொறுப்பு உங்கள் மேலதிகாரியுடையது என்றே சொல்வேன். உங்கள் பங்குக்கு, என்ன பழுது, எவ்வளவு, எப்போதைக்குள் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை நான்கு வரியில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள்.