பெட்ரா போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஜோர்டான் தலைநகர் அம்மானில் தங்கிக்கொண்டு, பாறையைக் குடைந்து உருவாக்கிய பழைய நகரமான பெட்ராவுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா சார்?

முடியும், ஆனால் வேண்டாம். ஏறத்தாழ 230 கிலோமீட்டர். போக மூன்று மணி, வர மூன்று மணி. பாறையில் செதுக்கிய கஸ்னா என்கிற பிரம்மாண்ட முகப்பின் முன்னால் நாலு படம் எடுப்பதற்குள் வண்டிக்காரர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். பக்கத்திலேயே இருக்கும் வாடி மூசா ஊரில் இரண்டு ராத்திரி தங்குங்கள். காலையில் கதவு திறந்தவுடன் உள்ளே போய்விட்டால், சுற்றுலா பஸ்கள் வந்து சேருமுன் பாதி இடம் பார்த்துவிடலாம்.

டிக்கெட்டைத் தனியாக வாங்காதீர்கள். நாட்டுக்குள் நுழையும் முன்பே இணையத்தில் ‘ஜோர்டான் பாஸ்’ எடுங்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது, பெட்ராவில் ஒரு நாளுக்கான பாஸ் 70 தினார், இரண்டு நாளுக்கு 75. மூன்று இரவாவது ஜோர்டானில் தங்கினால் 40 தினார் விசா கட்டணமும் கிடையாது. ஐந்து தினாருக்கு இன்னொரு நாள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: டிசம்பரில் போகிறோம். பாலைவனம்தானே, ஸ்வெட்டர் எதற்கு என்கிறார் வீட்டுக்காரர்.

அவருக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். வாடி மூசா கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில வருடங்களில் பனிகூடப் பெய்யும்.

கேள்வி: சிக் என்கிற மலை இடுக்கின் இரண்டு பக்கச் சுவரிலும் வாய்க்கால் மாதிரி ஒன்று வருகிறதே, அது பழசா?

எல்லாரும் கஸ்னா எப்போது தெரியும் என்று அண்ணாந்தபடி நடப்பார்கள். நீங்கள் இதைக் கவனித்திருக்கிறீர்கள், சந்தோஷம். அது பெட்ராவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நபாட்டியர்கள் என்ற பழைய அரபு மக்கள் வெட்டியது, சுமார் இரண்டாயிரம் வருடப் பழசு. ஒரு பக்கம் திறந்த வாய்க்கால், மறுபக்கம் சுடுமண் குழாய்கள். வாடி மூசா பக்கத்து ஊற்றுத் தண்ணீர் இந்த 1.2 கிலோமீட்டர் இடுக்கைக் கடந்து பெட்ரா நகருக்குள் போனது. மழை அபூர்வமான இடத்தில் ஒரு தலைநகரமே பிழைத்தது இப்படித்தான். என்னைக் கேட்டால் பெட்ராவின் பெரிய சாதனை கஸ்னா இல்லை, இதுதான்.

அதே தண்ணீர் ஆளையும் கொல்லும். மேலே மலையில் கொட்டும் மழை முழுக்க இந்த இடுக்கை நோக்கித்தான் இறங்கும். அதனால்தான் சிக் வாசலிலேயே அணை கட்டி, பாறையில் 90 மீட்டர் அளவுக்குச் சுரங்கம் குடைந்து வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள். காலப்போக்கில் அந்த ஏற்பாடு பாழானது. 1963-இல் வந்த வெள்ளத்தில் பிரெஞ்சுப் பயணிகள் இருபது பேருக்கு மேல் சிக்குக்குள் இறந்தார்கள். அதன் பிறகு அதே இடத்தில் புதிதாக அணை எழுப்பினார்கள். அது இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். 2018 நவம்பரிலும் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். காவலர் ‘திரும்புங்கள்’ என்றால், தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. வாசலிலிருந்து கஸ்னா வரை மின்சார வண்டி போகிறது. அங்கிருந்து அரங்கம், அரச கல்லறைகளின் அடிவாரம் வரை பெரும்பாலும் இறக்கமான மணல் பாதைதான். திரும்பும்போது அதே பாதை ஏற்றம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மலைமேல் பாறையில் செதுக்கிய அல் தெய்ர் மண்டபம் மட்டும் அம்மாவுக்கு வேண்டாம், 800 படிக்கு மேல். கழுதையில் ஏற்றிவிடுகிறேன் என்பார்கள். தேய்ந்த படி, ஓரத்தில் பள்ளம். கழுதைக்கும் பாவம். நீங்கள் மட்டும் மதியத்துக்கு மேல் ஏறுங்கள், அப்போதுதான் அதன் முகப்பில் வெயில் விழும்.

கேள்வி: சைவச் சாப்பாடு?

ஃபலாஃபெல், ஹம்முஸ், ரொட்டி எங்கும் கிடைக்கும். மன்சாஃப் என்று ஒரு சாப்பாடு வரும், அது ஆட்டுக்கறி, ஜாக்கிரதை.

கேள்வி: வழியில் நபாட்டியர் நாணயம் என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

போலி என்றால் காசு போச்சு. அசல் என்றால் இன்னும் மோசம், தொல்பொருளை நாட்டை விட்டு எடுத்துப் போவது குற்றம். வண்ண மணலில் ஒட்டகம் வரைந்த கண்ணாடிப் பாட்டில் வாங்குங்கள், பேரம் பேசலாம். சின்னப் பிள்ளைகளிடம் மட்டும் எதுவும் வாங்காதீர்கள். வியாபாரம் நடந்தால் அவர்களைப் பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டார்கள்.