உள்ளானை எலும்பில் அறிவது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு வலசை வரும் உள்ளான்களை (கரையோரச் சேற்றில் இரைதேடும் பறவைகள்) தொலைநோக்கியில் பார்த்தும் என்னால் பிரித்தறிய முடிவதில்லை. இறகும் நிறமும் இல்லாத எலும்பை வைத்து, அழிந்துபோன புதிய இனம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?
– வாசகி, ஈசூன்

பதில்: தேக்கா சந்தையில் கோழிக்கால் வாங்கியிருப்பீர்கள். மஞ்சள் தோல் மூடிய அந்தத் தண்டினுள் இருப்பது, கணுக்காலின் சில எலும்புகளும் பாத எலும்புகளும் ஒன்றாகிப்போன ஒற்றை எலும்பு. அதன் கீழ்முனையில் முன்விரல்கள் பொருந்தும் மூன்று உருளைகளின் சாய்வும், பக்கத்திலுள்ள சிறு துளையின் இடமும், பின்விரல் ஒட்டியிருந்த தழும்பும் பறவைக் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். உங்களைக் குழப்பும் இறகு பருவத்துக்கேற்ப நிறம் மாறும். மூட்டு அப்படி வேடம் போடுவதில்லை.

பசிபிக்கில் பிட்கெய்ர்ன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஹெண்டர்சன் தீவில் 1991–92இல் சேகரித்த எலும்புகளைக் கொண்டு, புரோசோபோனியா சாவ்லி என்ற உள்ளான் இனம் 2020இல் விவரிக்கப்பட்டது. பசிபிக்கிலேயே உள்ள துவாமோட்டு தீவுகளில் இன்றும் வாழும் அதன் உறவுப் பறவையோடு ஒப்பிட்டபோது, இதன் கால் நீண்டும் சிறகு குறுகியும், அலகு அகன்று நேராகவும் இருந்தன. ஓர் எலும்பு மட்டும் சிறிதாயிருந்தால் அது ஆண், பெண் வேறுபாடாகவோ குஞ்சின் எலும்பாகவோ இருக்கலாம் (குஞ்சின் எலும்பு முனை முற்றாமல் நுண்துளைகளோடு இருக்கும்). பல எலும்புகளிலும் உறுப்புகளின் விகிதமே மாறியிருந்தால்தான் தனி இனம் என்ற பேச்சு எழும். ஆகவே அருங்காட்சியகத்தில் ஒப்பிடுவதற்கென வைத்துள்ள எலும்புக்கூடுகள் இல்லாமல் இந்த வேலை நடக்காது. என் கருத்தில், அகழ்ந்தெடுப்பதைவிட அலமாரிதான் முக்கியம்.

மரபணுவும் துணைநின்றது. 1773இல், கடலோடி ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் பயணத்தின்போது பிடிபட்டு, இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரில் எஞ்சியிருக்கும் ஒரே தஹிதி உள்ளானும் புரோசோபோனியா பேரினத்தைச் சேர்ந்ததுதான்; அதன் மரபணு, இந்தப் பேரினம் கல்திருப்பி உள்ளான்களுக்கு நெருங்கியது என்று காட்டியது. கல்திருப்பி சிங்கப்பூருக்கும் வரும் வலசைப் பறவை. ஹெண்டர்சன் உள்ளானோ தீவைவிட்டு வெளியேறாதது. மனிதர்களும் அவர்களோடு வந்த எலிகளும் குடியேறிய பின் அழிந்ததாகவே கருதப்படுகிறது.