பாய்க்கு நூல் நூற்றவர்கள்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

நான் லண்டனில் வசிக்கிறேன். என் மகளுக்கு எட்டு வயது. இந்தத் தவணையில் அவளுடைய வகுப்பில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நார்வே, சுவீடன், டென்மார்க் பகுதிகளில் வாழ்ந்த வைக்கிங்குகளைப் பற்றிப் படிப்பிக்கிறார்கள். தவணை முடிவில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் வைக்கிங் வேடமிட்டு வர வேண்டுமாம். கடைகளில் கொம்பு வைத்த தலைக்கவசமும் பிளாஸ்டிக் கோடரியும்தான் கிடைக்கின்றன. “பொம்பிளைப் பிள்ளையள் அப்ப என்ன செய்தவை, அம்மா?” என்று மகள் கேட்டாள். “வீட்டு வேலைதான் செய்திருப்பினம், வேறென்ன” என்று சொல்லிவிட்டேன். அவளுடைய முகம் வாடிப்போயிற்று. அதனால் வாளேந்திய பெண் வீரராகவே அவளை அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அப்படிப்பட்ட பெண்கள் உண்மையில் இருந்தார்களா? அந்தக் கொம்புகள் உண்மையா? கொள்ளை, அடிமைகள் போன்ற விடயங்களை இந்த வயதில் சொல்லாமல், அவர்கள் கடலோடிகள், வணிகர்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் போதுமல்லவா?

அன்புடன்,
வ., லண்டன்

அன்புள்ள வ.,

சில காலமாக நான் நூலைப் பற்றியே படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன். பழைய சமூகங்களில் துணி எப்படி உண்டாயிற்று, அதற்கு யாருடைய நாட்கள் செலவாயின என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் உடனே எழுதுகிறேன்.

கொம்பு விவகாரத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். வைக்கிங் காலத்துத் தலைக்கவசம் எதிலும் கொம்பு இருந்ததற்குச் சான்று இல்லை. 1876-ல் ஜெர்மனியில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகங்களுக்கு உடை வடிவமைத்தவர் வைத்த கொம்பு அது. 1943-ல் நார்வேயின் ஜெர்முண்ட்பூவில் கிடைத்த உண்மையான கவசம், கண்களைச் சுற்றி இரும்பு வளையம் வைத்த எளிய தொப்பி. கடையில் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாளேந்திய பெண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சுவீடனின் பிர்காவில் ஆயுதங்களோடும் இரண்டு குதிரைகளோடும் புதைக்கப்பட்ட ஒருவரை நூறாண்டுக்கும் மேலாக ஆண் என்றே நம்பியிருந்தார்கள். 2017-ல் வெளியான மரபணு ஆய்வு அவர் பெண் என்று காட்டியது. அவர் களத்தில் போரிட்டவரா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. உங்கள் மகளுக்கு அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் ஏன் அந்தப் பெண்ணைத் தேடிப் போகிறீர்கள் என்பதை நான் கேட்டே ஆக வேண்டும். வாள் பிடித்தால்தான் ஒரு பெண் வரலாற்றுக்குள் வர முடியும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். “வீட்டு வேலைதான், வேறென்ன” என்ற அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கோபத்தையே உண்டாக்கியது. குழந்தை சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். நீங்கள் அதைத் தட்டிக் கழித்துவிட்டு, அவள் முகம் வாடியதும் வாளைத் தேடுகிறீர்கள். அந்த “வேறென்ன” என்பதற்குள் என்ன இருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், உங்களுக்கு வேறு வேடம் தேவைப்பட்டிருக்காது.

கப்பலிலிருந்தே தொடங்குவோம், வகுப்பில் அதைத்தான் எல்லோரும் வரைகிறார்கள். டென்மார்க்கின் ரோஸ்கில்ட் கடற்கழியில் 1962-ல் ஐந்து கப்பல்களைத் தோண்டியெடுத்தார்கள். அவற்றில் ஒன்று பதினாறு மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல். அதைப் போலவே கட்டிய புதிய கப்பலுக்குச் சுமார் 90 சதுர மீட்டர் பாய் தேவைப்பட்டது. அந்தக் காலத்துப் பாய்களில் பல ஆட்டுக் கம்பளியால் ஆனவை. இனி மகளை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு, நீளவாக்கில் ஓடும் பாவில் பத்து இழை, குறுக்கே ஓடும் ஊடையில் ஐந்து இழை என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டர் துணிக்கு 1,500 மீட்டர் நூல் வேண்டும். 90 சதுர மீட்டருக்கு 135 கிலோமீட்டர். கையால் கதிர் சுழற்றி நூற்பவர் மணிக்கு நாற்பது மீட்டர் நூற்றால், 3,375 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் ஏறத்தாழ ஒரு முழு ஆண்டு, ஒரு நாள்கூட ஓய்வில்லாமல். இது நூற்பது மட்டும்தான். அதற்கு முன்னே கோடையில் ஆட்டின் மயிர் தானாக உதிரத் தொடங்கும்போது அதைக் கையால் பறிக்க வேண்டும், இரும்புப் பல் வைத்த சீப்பால் சீவ வேண்டும், நீரை ஒட்டவிடாத நீண்ட வெளிமயிரையும் மென்மையான உள்மயிரையும் பிரிக்க வேண்டும். பின்னே நெய்ய வேண்டும், காற்று ஊடுருவாமலிருக்கக் கொழுப்புப் பூச வேண்டும். அந்தக் கப்பலில் போகிறவர்களுக்கு உடையும் போர்வையும் வேறு வேண்டும்.

இந்த எண்களை நான் காகிதத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. நான் படித்தது, காந்தியின் கைத்தொழிற் கல்வி முறையில் நடந்த ஆதாரப் பள்ளியில். அங்கே தக்ளி, அதாவது கையால் சுழற்றி நூற்கும் கதிர், அதற்கென்று ஒரு வகுப்பு உண்டு. பித்தளை வட்டு வைத்த சின்னத் தக்ளியைத் தொடையில் உருட்டிச் சுழலவிட்டு, இடது கை விரல்களுக்கிடையே பஞ்சை நழுவவிட வேண்டும். விரல் ஒரு நொடி இறுகினால் நூல் தடித்து முடிச்சாகும், ஒரு நொடி தளர்ந்தால் இற்றுத் தக்ளி தரையில் விழும். அது சிமெண்டுத் தரையில் விழும் சத்தத்துக்கு வாத்தியாரின் பிரம்பு வந்துவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் மட்டும் பேசிக்கொண்டே, சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே, மயிரிழை போல நூற்றுக்கொண்டிருப்பாள். அவளுடைய விரல்களுக்குள் இருந்த அறிவை எந்தத் தேர்விலும் யாரும் கேட்டதில்லை. கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கினாள் என்று அவளை மக்கு என்று திட்டினார்கள். அவள் பள்ளியை விட்டு நின்றதும் யாரும் ஏனென்று கேட்கவில்லை. “வீட்டு வேலைதான், வேறென்ன” என்று படித்தபோது எனக்கு அவள் நினைவுதான் வந்தது.

வைக்கிங் வீட்டில் தறி சுவரில் சாய்ந்து நின்றது. மேல் மரத்திலிருந்து பாவு நூல்கள் தொங்கும். அவை விறைப்பாக நிற்க, ஒவ்வொரு கொத்தின் அடியிலும் துளையிட்ட கல்லோ சுட்ட களிமண் வளையமோ கட்டியிருப்பார்கள். நெய்பவள் நின்றபடி, மேலிருந்து கீழாக நெய்தாள். ஒவ்வொரு ஊடை இழையையும் மேல்நோக்கி அடித்து இறுக்கினாள். அப்படி அடிப்பதற்கான கருவி இரும்பாலோ திமிங்கில எலும்பாலோ வாள் வடிவத்தில் இருந்தது. உங்கள் மகளுக்கு வாள்தான் வேண்டுமென்றால் இந்த வாளைக் கொடுங்கள். தரையில் நீள அடுப்பு, கூரையில் புகை போக ஒரு துளை, மற்றபடி வெளிச்சம் குறைந்த வீடு. குளிர்காலத்தில் அங்கே பார்லிக் கூழும் கருவாடும் மோரும் உண்டுவிட்டு, அடுப்பு வெளிச்சத்தில் கண் எரிய நூற்றிருப்பார்கள்.

இந்தப் பெண்கள் கரையிலேயே நின்று கையசைத்தவர்களும் அல்லர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் 1960-ல் ஹெல்கே இங்ஸ்டாட் பழைய குடியிருப்பின் தடங்களைக் கண்டார். அவருடைய மனைவியும் தொல்லியலாளருமான ஆன் ஸ்டீன இங்ஸ்டாட் அதை அகழ்ந்தார். கொலம்பஸுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நார்ஸ் மக்கள், அதாவது வைக்கிங் காலத்து வட ஐரோப்பியர், அமெரிக்கா போனார்கள் என்பதற்கு அங்கே கிடைத்த சான்றுகளில் ஒன்று, மாக்கல்லில் செய்த சின்னத் தக்ளி வட்டு. வட அட்லாண்டிக்கின் நார்ஸ் வீடுகளில் கிடைப்பது போன்ற அதே வட்டு. பெருங்கடலைத் தாண்டிய கூட்டத்தில் நூற்பவர்களும் இருந்தார்கள் என்பதை அது சொல்லிற்று. அந்த இடத்தில் வெட்டிய மரத்தின் ஆண்டு 1021 என்று 2021-ல் கண்டறிந்தார்கள்.

இதுவரை அகழ்ந்த வைக்கிங் கப்பல் புதைகுழிகளில் மிக வளமானதும் பெண்களுடையதே. நார்வேயின் ஓசபெரியில் 834-ல் புதைக்கப்பட்ட கப்பலுக்குள் இரண்டு பெண்கள் கிடந்தார்கள். வண்டி, சறுக்குவண்டிகள், வாளிகள், ஆப்பிள்கள் ஆகியவற்றோடு தறிக் கருவிகளையும் படம் நெய்த திரைச்சீலையையும் வைத்து அவர்களை அனுப்பியிருந்தார்கள். நெசவு அவர்களுக்குத் தாழ்ந்த வேலையாக இருந்திருந்தால் அரச மரியாதையோடு அதைக் கப்பலில் ஏற்றியிருப்பார்களா?

மகளின் வயதுக்குச் சற்று இளையவள் ஒருத்தியும் பிர்காவில் இருக்கிறாள். ஐந்தாறு வயதில் இறந்த குழந்தை. பொன் பூசிய வட்ட உடையூசி, கண்ணாடி மணிமாலை, சின்னக் கத்தி, எலும்பில் செய்த ஊசிக்கூடு ஆகியவற்றோடு அவளைப் புதைத்திருந்தார்கள். அந்த ஊசிக்கூட்டைப் பற்றி மகளிடம் நிறுத்திச் சொல்லுங்கள்.

முடிந்தால் யார்க் நகருக்குக் கூட்டிப் போங்கள், லண்டனிலிருந்து ரயிலில் போய்விடலாம். காப்பர்கேட் அகழாய்வில் கிடைத்த, ஒற்றை ஊசியால் பின்னிய கம்பளிக் காலுறையைக் காட்டுங்கள். அங்கேயே ஒரு வைக்கிங் மனிதரின் மலமும் இறுகிக் கல்லாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, அதில் குடற்புழு முட்டைகள் நிறைந்திருந்தன. பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்க்க ஓடுவார்கள், ஓடட்டும்.

கொள்ளையையும் அடிமைகளையும் மறைக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. 793-ல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியவர்களை வெறும் வணிகர்கள் என்று சொல்வது பொய். அயர்லாந்தின் டப்ளினில் அவர்கள் மனிதர்களை விற்றார்கள். அவர்கள் குடியேறிய ஐஸ்லாந்தின் முதல் தாய்மார்களில் பெரும்பகுதியினர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளின் மரபினர் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மனைவியராகப் போனவர்களும் உண்டு, பிடித்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. அப்படியானால் நான் மேலே சொன்ன 135 கிலோமீட்டர் நூலில் ஒரு பங்கு அடிமைப் பெண்களின் கையிலிருந்து வந்திருக்கும். அந்தப் பாயைக் கட்டித்தான் அடுத்த கரைக்குக் கொள்ளையடிக்கப் போயிருப்பார்கள். இதை எட்டு வயதுக் குழந்தையால் புரிந்துகொள்ள முடியும். நியாயம் எது, அநியாயம் எது என்று அந்த வயதில்தான் பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையாகக் கேட்கிறார்கள். இரத்தத்தை விவரிக்க வேண்டாம், ஆனால் பிடிபட்டவர்களும் மனிதர்கள் என்பதை விட்டுவிடாதீர்கள்.

வேடத்துக்கு அதிகச் செலவு வேண்டாம். நீளமான வெளிர்நிற உள்ளங்கி, அதன் மேல் தோளில் வார் வைத்த கம்பளி அங்கி, கழுத்தில் மணிமாலை, இடுப்பில் ஊசிக்கூடு. கையில் ஒரு தக்ளியும் கொஞ்சம் சீவிய கம்பளியும் கொடுங்கள், கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும். ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். முதலில் நூல் இற்றுக்கொண்டேதான் இருக்கும், தக்ளி தரையில் விழுந்துகொண்டேதான் இருக்கும். அப்போது அவளைத் திட்டாதீர்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைச் சுழற்றிப் பாருங்கள்.

அன்புடன்.