100 பேர் கொண்ட அமெரிக்க செனட்டில் சாதாரண மசோதா நகரவே 60 வாக்கு வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறதா?

இல்லை. ஒரு வரி போதுமென்றால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

53 பேர் கையில் இருந்தும் 2025 அக்டோபரில் குடியரசுக் கட்சியால் ஒரு செலவு மசோதாவை ஏன் தாண்டவைக்க முடியவில்லை என்ற குழப்பத்தில்தான் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் படித்த பத்தியை எழுதிய பத்திரிகையாளர், 60 என்பது நாட்டை நிறுவியவர்களே வைத்த தடுப்பு என்கிறார். அமெரிக்க அரசியல் பத்திகளில் இது திரும்பத் திரும்ப வருகிற பிழை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றில் இரண்டு பங்கு எங்கெங்கே வேண்டும் என்று அரசமைப்பு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: அயல்நாட்டு ஒப்பந்தம், அதிபரின் வீட்டோவை மீறுவது, பதவிநீக்க விசாரணையில் தண்டிப்பது, உறுப்பினரை வெளியேற்றுவது, அரசமைப்புத் திருத்தம். சாதாரண மசோதா இந்தப் பட்டியலில் இல்லை. வாக்கு சமமானால் துணை அதிபர் தன் வாக்கைப் போடலாம் என்றும் இருக்கிறது. 50க்கு 50 வந்தால் முடிவு தெரியவேண்டும் என்பதுதானே அதன் பொருள்? அதற்கு முந்தைய கூட்டமைப்புச் சட்டத்தில் முக்கிய முடிவுகளுக்கு 13 மாநிலங்களில் 9 சம்மதிக்க வேண்டியிருந்தது. அதன் சீரழிவைப் பார்த்துத்தான், சிறுபான்மை கையில் தடுப்பதிகாரம் கொடுப்பது விஷம் என்று, நாட்டை நிறுவியவர்களில் ஒருவரான ஹாமில்டன் 1787-இல், அரசமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் வரிசையின் 22-ஆவது கட்டுரையில் வாதாடினார்.

அப்படியானால் இந்த 60 எங்கிருந்து முளைத்தது? விதிப்புத்தகத்தைச் சுத்தம் செய்தபோது. 1805-இல் துணை அதிபர் ஆரன் பர் (ஹாமில்டனைச் சுட்டுக்கொன்ற அதே பர்தான்) விடைபெறும்போது, விதிகள் தேவையில்லாமல் பெருத்துக் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். 1806-இல் செனட் 'முந்தைய கேள்வி' என்ற தீர்மான விதியை, அதாவது விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போகப் பிற்காலத்தில் பயன்பட்ட விதியை, எடுத்துவிட்டது. உடனே யாராவது வந்து, அந்த விதி அப்போது விவாதத்தை முடிக்கும் கருவியாக இருக்கவே இல்லை என்பார்கள். சரி, இன்றைய வடிவில் இல்லைதான். ஆனால் பிரதிநிதிகள் அவை அதே விதியை வளர்த்து விவாதத்தை முடிக்கும் கத்தியாக்கிக்கொண்டது. செனட்டிடம் வளர்க்க எதுவும் மிஞ்சவில்லை. விவாதத்தை முடிக்க வழியில்லாவிட்டால் வாக்கெடுப்புக்கே வரமுடியாது. ஃபிலிபஸ்டர் என்பது அவ்வளவுதான்.

1917-இல், வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் தரும் மசோதாவை ஒரு சிறு கூட்டம் பேசிப்பேசியே சாகடித்த கோபத்தில், குளோச்சர் (வாக்கெடுத்து விவாதத்தை முடிப்பது) என்னும் 22-ஆம் விதி வந்தது. அப்போது அளவு, வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு. 1975-இல்தான் அது மொத்த உறுப்பினரில் ஐந்தில் மூன்று, அதாவது 60 ஆனது. ஐம்பது வயது எண்ணுக்கு இருநூறு வயதுக் கௌரவம் கொடுக்கிறார்கள்.

ஃபிலிபஸ்டர் பற்றி இன்னொரு தவறான படம், மணிக்கணக்கில் கால்கடுக்க நின்று பேசுவது. செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 1957-இல் குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார்; மசோதா நிறைவேறிவிட்டது. செனட்டர் கோரி புக்கர் 2025-இல் 25 மணி 5 நிமிடம் பேசி அந்தச் சாதனையை முறியடித்தபோது தடுக்கவேண்டிய மசோதாவே எதிரில் இல்லை. 1970-களில் இரட்டைத் தடம் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. சிக்கிய மசோதாவை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். தடுப்பவர் நாற்காலியை விட்டு எழவேண்டியதில்லை.

குளோச்சரின் நடைமுறை இது: 16 செனட்டர்கள் கையெழுத்திட்ட மனு வேண்டும். திங்களன்று கொடுத்தால் நடுவில் ஒரு நாள் விட்டு, புதனன்று அவை கூடிய ஒரு மணி நேரத்தில் வாக்கெடுப்பு. 60 கிடைத்தாலும் அதற்குமேல் 30 மணி நேரம் வரை இழுக்கலாம். இது மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்ற தீர்மானத்துக்கு ஒருமுறை, மசோதாவுக்கே இன்னொருமுறை. எதிர்ப்பு முற்றினால் ஒரு மசோதாவுக்கே வேலைநாட்களில் ஒரு வாரம் காலி. வராதவர் எதிர்த்தவருக்குச் சமம், ஏனென்றால் எண்ணுவது வந்தவர்களில் அல்ல, மொத்தத்தில்.

செய்தி படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2022 ஜனவரி 19 அன்று வாக்குரிமை மசோதாவுக்கான குளோச்சர் 49-51 என்று தோற்றது. செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான ஷூமரே எதிர்த்து வாக்களித்திருந்தார். மனம் மாறிவிட்டாரா? இல்லை. தோற்ற வாக்கெடுப்பை மறுபடி எடுக்கக் கோரும் உரிமை வென்ற பக்கத்தில் நின்றவருக்குத்தான் உண்டு. தோல்வி உறுதி என்றதும் தலைவர் அந்தப் பக்கம் தாவிவிடுவார். இதைத் தெரியாமல் 'சொந்தக் கட்சி மசோதாவையே எதிர்த்தார்' என்று எழுதினால் சிரிப்பதா அழுவதா?

எழுத ஆரம்பித்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். நம் தமிழ்ச் செய்திகளில் 'டேபிள்' என்ற சொல்லைக் கண்டாலே 'தாக்கல் செய்யப்பட்டது' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நம் நாடாளுமன்றத்தில் அது சரி. அமெரிக்க செனட்டில் ஒன்றை டேபிள் செய்தால் குழிதோண்டிப் புதைத்தார்கள் என்று பொருள். அதற்கு விவாதமும் கிடையாது, சாதாரணப் பெரும்பான்மை போதும். நேர் எதிர்ச்செய்தியைப் படித்துவிட்டு வாசகர் போகிறார்.

60 இல்லாமல் போகும் வழி ரீகன்சிலியேஷன், வரவு செலவு சார்ந்த மசோதாக்களுக்கான தனி நடைமுறை; 1974-இல் வந்தது. விவாதத்துக்கு 20 மணி நேர வரம்பு, 51 போதும். ஆனால் பர்ட் விதிப்படி ஒவ்வொரு பிரிவும் வரவு செலவைத் தொடவேண்டும். தொடுவது பெயருக்கு மட்டும் என்றால் உதிர்ந்துவிடும். 2021-இல் 15 டாலர் குறைந்தபட்சக் கூலி, விதி ஆலோசகர் அது பொருந்தாது என்றதும் வெளியே போனது. குறித்த ஆண்டுகளைத் தாண்டிப் பற்றாக்குறையைக் கூட்டவும் கூடாது. 2017-இல் தனிநபர் வரிக்குறைப்புக்கு 2025 முடிவில் காலாவதி போட்டதற்கு அதுதான் காரணம். துறைகளுக்கான ஆண்டுச் செலவு மசோதா இந்த வழியில் வராது. உங்கள் 53-இன் புதிர் இங்கே அவிழ்கிறது.

நான் ஏதோ ஒரு கட்சிக்காரன் என்று கீழே எழுதுவதற்குமுன்: நீதிபதி நியமனங்களுக்கு 60-ஐ உடைத்தது 2013-இல் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட், உச்ச நீதிமன்றத்துக்கும் சேர்த்து உடைத்தது 2017-இல் குடியரசுக் கட்சியின் மெக்கானல். இருவரும் செய்தது ஒன்றே. தலைமை தாங்குபவர் விதிப்படி 60 என்று தீர்ப்புச் சொல்வார், அதை மேல்முறையீட்டில் 51 பேர் கவிழ்ப்பார்கள். விதியில் ஓர் எழுத்துக்கூட மாறாது. சிறுபான்மையின் பாதுகாப்பு என்ற வாதத்தை முழுதாகத் தள்ளவில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் அது காத்தது கறுப்பினத்தவரை அடித்துக் கொன்றவர்களுக்கு எதிரான சட்டம் வராமல்தான். 1964-இல் குடிமை உரிமைச் சட்டத்துக்கான குளோச்சரில், மூளைக்கட்டியால் பேச்சிழந்த கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அங்கே சம்மதச் சொல்லும் கண்ணும் ஒரே உச்சரிப்பு, 'ஐ'. அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். 71-29.

2025-இல் டிரம்ப் ஃபிலிபஸ்டரை ஒழிக்கச் சொல்லியும் செனட்டில் அவர் கட்சியின் தலைவரான தூன் மறுத்தார். நாளை சிறுபான்மையானால் தங்களுக்கும் அது வேண்டுமே. அந்தச் செலவு மசோதாவுக்கான நவம்பர் 9 வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியின் ரேண்ட் பால் எதிர்த்ததால் சொந்தக் கட்சி 52, எதிர்த்தரப்பிலிருந்து வந்தவர்கள் 8. சரியாக 60. அதன்பிறகு நவம்பர் 12-இல் கையெழுத்தாகி, செலவுக்கு அனுமதி இல்லாமல் நின்றுபோன அரசின் 43 நாள் முடக்கம் தீர்ந்தது.