குழந்தைகளும் நாயும் ஓடும் புல்தரைக்கு எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

கேள்வி: கோவையில் தனி வீடு. முன்பக்கம் ஏறக்குறைய 600 சதுர அடியில் போன வருடம் கொரியன் கிராஸ் போட்டோம். இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் லாப்ரடார். இப்போது அங்கங்கே வட்டம் வட்டமாகப் புல் காய்ந்துவிட்டது. ஊஞ்சலுக்குக் கீழே வெறும் மண். புல் போட்டவர், "பூச்சி விழுந்திருக்கு, குருணை மருந்து போடுங்க, இல்லாவிட்டால் மொத்தமும் பெயர்த்துப் புதிதாகப் போடலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்தக் குருணையை வாங்காதீர்கள். குருணை மருந்து என்றால் வழக்கமாக ஃபோரேட் அல்லது கார்போஃபியூரான்தான். இதில் ஃபோரேட்டுக்கு மத்திய அரசின் 2018 உத்தரவுப்படி 2020 டிசம்பர் 31 முதல் தடை. கார்போஃபியூரானும் கொடிய விஷம். தவழ்ந்தும் உருண்டும் விளையாடுகிற பிள்ளைகளும் புல்லை மேய்கிற நாயும் இருக்கிற இடத்தில் இவற்றுக்கு வேலையே இல்லை. எந்தப் பூச்சிமருந்து டப்பாவிலும் வைர வடிவில் ஒரு குறி இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமை இறங்கிக்கொண்டே போகும். சிவப்போ மஞ்சளோ இருந்தால் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டாம்.

அடுத்து, அது பூச்சிதானா என்று நீங்களே பார்த்துவிடலாம். காய்ந்த இடத்தில் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுங்கள். வேர் இல்லாமல் பாய் மாதிரி சுருண்டு வந்து, கீழே வெள்ளையாக வேர்ப்புழு தெரிந்தால் அவர் சொல்வது சரி. புல் காய்ந்திருந்தும் வேர் பிடித்தபடி நின்றால், அதுவும் வட்டத்தின் ஓரம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக இருந்தால், அது உங்கள் நாயின் சிறுநீர். அதில் இருக்கும் தழைச்சத்தும் உப்பும் நடுவில் அளவுக்கு மீறிப் போய்ப் புல்லைக் கருக்குகின்றன. ஓரத்தில் நீர்த்துப்போய் அதுவே உரமாகிவிடுகிறது. பெண் நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் விடுவதால் பாதிப்பு கூடுதல். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு இதுதான் என்று படுகிறது.

இதற்குக் கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. நாய் சிறுநீர் கழித்த உடனே அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த பிறகு ஊற்றிப் பயனில்லை. சிறுநீரின் காரத்தன்மையை மாற்றும் என்று விற்கிற மாத்திரை, பொடிகளுக்குப் பணம் தராதீர்கள். புல்லைக் கெடுப்பது காரமோ புளிப்போ அல்ல. நிலையான வழி, ஒரு மூலையில் கொஞ்சம் ஆற்று மணலோ சிறு ஜல்லியோ பரப்பி, காலையில் முதல் வேலையாக நாயை வாரில் பிடித்து அங்கே கூட்டிப்போய்ப் பழக்குவது. சில வாரம் பொறுமையாகச் செய்தால் லாப்ரடார் கற்றுக்கொள்ளும்.

மலத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். இது அழகுக்காகச் சொல்வதல்ல. நாயின் குடலிலிருந்து வரும் உருண்டைப்புழு முட்டை மண்ணில் கிடந்து தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். கொக்கிப்புழு ஈர மண்ணில் அதைவிடச் சீக்கிரம் தயாராகிவிடும், வெறுங்கால் தோல் வழியாகவே ஏறும். தினமும் எடுத்துவிட்டால் இரண்டுக்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்தும் தவறக் கூடாது.

இனி புல். கொரியன் கிராஸ் பார்க்க மெத்தென்று இருக்கும், ஆனால் மெதுவாக வளரும். தேய்ந்த இடம் மூட மாதக்கணக்கில் ஆகும். ஓடியாடும் இடத்துக்குப் பெர்முடாதான் என் தேர்வு. அது நம் அருகம்புல் இனம். 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்தக் குணம் இதற்கு உண்டு. மண்ணுக்கு மேலும் கீழும் கொடி ஓட்டி, பிய்ந்த இடத்தைத் தானே மூடும். ஆனால் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மாமர நிழலில் போட்டால் பணம் வீண். ஆகவே மொத்தத்தையும் பெயர்க்க வேண்டாம். வெயில் விழுகிற, பிள்ளைகள் ஓடுகிற பகுதிக்கு மட்டும் பெர்முடா வாங்குங்கள். இரண்டு புல்லும் சந்திக்கும் இடத்தில் செங்கல் வரிசை பதித்தால் ஒன்று மற்றொன்றுக்குள் ஏறுவது குறையும். ஊஞ்சலடியில் எந்தப் புல்லும் நிற்காது, அங்கே மணல்தான்.

உரம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். அதில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது, நாய்கள் அதை விரும்பித் தின்றுவிடும், உயிரே போகும். 'இயற்கை உரம்' என்று எழுதியிருக்கிற கலவை மூட்டைகளிலும் இது சேர்ந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். எலும்புத்தூள் போட்டால் நாய் தோண்ட ஆரம்பிக்கும். மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ போதும்.

கேள்வி: சென்னையில் மொட்டை மாடியில் செயற்கைப் புல் விரிக்க நினைக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கும் நாய்க்குட்டிக்கும் சரிவருமா?

பதில்: மாலையில் சரி, பகலில் சரிவராது. நேர் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குழந்தையின் பாதமும் நாயின் பாதமும் கொப்புளித்துவிடும். நிழல் வலை கட்டுவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மதியம் 2 மணிக்கு மாடியில் போட்டு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக இறங்குகிறதா என்றும் பாருங்கள். தேங்கினால் நாயின் சிறுநீரும் தேங்கும், பிறகு வாடை போகாது. ரப்பர் துகள் நிரப்பிய ரகம் இன்னும் சூடாகும்.

கேள்வி: மூன்று மாதத்துக்குள் புல் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாகச் சொன்னவர் இப்போது போனை எடுப்பதில்லை. பில்லும் தரவில்லை. ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. பணம் அனுப்பிய ஜிபே பதிவு, அவர் வாக்குக் கொடுத்த வாட்ஸ்அப் செய்தி, தேதியோடு கூடிய படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.