எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி ஃபிரேமை அச்சிடலாமா?

கேள்வி: டெக்சாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். என்னிடம் உள்ள 3டி பிரிண்டரில் கைத்துப்பாக்கியின் ஃபிரேமை (மற்ற பாகங்கள் பொருத்தப்படும் அடிச்சட்டத்தை) அச்சிட்டுத் தருமாறு அமெரிக்க நண்பர் கேட்கிறார். பணமும் தருவதாகச் சொல்கிறார். வெறும் பிளாஸ்டிக் துண்டுதானே, செய்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குழலோ ஸ்லைடோ (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பொருத்தப்படாத வெறும் ஃபிரேமே முழுத் துப்பாக்கியாகக் கருதப்படும்; அது எஃகா பிளாஸ்டிக்கா என்பது இந்தக் கணக்கில் வராது. முழுமையடையாத ஃபிரேம்களையும் இதில் சேர்த்த 2022ஆம் ஆண்டு விதியை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் மறுத்துவிட்டது. கைப்பிடியின் மேலுறை போன்ற உதிரிகள் மத்தியச் சட்டத்தில் துப்பாக்கி ஆகா.

உங்கள் சிக்கல் விசாவில் இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியை வைத்திருப்பதே மத்தியக் குற்றம். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. அச்சு முடிந்து அந்த ஃபிரேமை நீங்கள் தட்டிலிருந்து எடுக்கும்போதே அது உங்கள் வசம் வந்துவிடுகிறது. நண்பருக்காகத்தான் செய்தேன் என்பது அதை மாற்றாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தவும் அது தனிக் காரணமாகும். (பணம் வாங்கினால் உரிமமற்ற துப்பாக்கித் தயாரிப்பு என்ற கேள்வியோடு, விசா அனுமதிக்காத வேலை என்ற கேள்வியும் எழும்.)

வேட்டை உரிமம் எடுத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது வைத்திருப்பதற்கான தடையை மட்டுமே விலக்குகிறது. உலோகச் சோதனைக் கருவியில் சிக்காத துப்பாக்கியைத் தடைசெய்யும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்கள் உட்பட எல்லோருக்கும் பொருந்தும்; நியூ ஜெர்சியிலோ 3டி பிரிண்டரில் துப்பாக்கி செய்யவே தயாரிப்பாளர் உரிமம் வேண்டும்.

ஏற்கெனவே அச்சிட்டிருந்தால் அதை யாருக்கும் கொடுக்கவோ, அஞ்சலில் அனுப்பவோ, ஊருக்கு எடுத்துச் செல்லவோ வேண்டாம்; இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதமே. பதற்றத்தில் உடைத்து எறிவதற்கும் நண்பருடன் குறுஞ்செய்தியில் விவாதிப்பதற்கும் முன், குற்றவியல், குடியேற்றம் இரண்டும் அறிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள்.